வானத்துப் புறாவும் வேலிக் கதவும்

மாந்தன் கைக்கொண்ட தொழில்களுள் வேட்டையே மூத்தது. உழவு தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அவன் வில்லையும் வலையையும் ஏந்திவிட்டான். ஆயினும், 'வேட்டையாடும் உரிமை எவருக்கு உண்டு?' என்னும் வினா அத்துணைப் பழமையானதன்று. நிலத்திற்கு எல்லை வகுத்த நாளிலேதான் அது பிறந்தது. ஆடும் மாடும் வேலிக்குள் அடங்கும். மரம் நட்ட இடத்திலே நிற்கும். பறவையோ காலையில் ஒருவன் வயலில் இரை தேடி, நண்பகலில் மற்றொருவன் குட்டையில் நீர் அருந்தி, மாலையில் மூன்றாமவன் தோப்பில் அடைகின்றது. அப்பறவை இம்மூவருள் யாருடையது?

இவ்வினாவிற்கு வரலாறு அளித்த விடையினை அறிவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறா வேட்டையைப் போன்று தெளிவான சான்று பிறிதொன்றில்லை. ஆங்கே புறா மக்கள் அனைவருக்கும் பொது. ஆனால், அதனைச் சுடுவதற்கு நிற்க வேண்டிய நிலமோ தனியொருவனுக்குச் சொந்தம். அந்நிலத்தில் கால் வைப்பதற்குக் கட்டணம் உண்டு. அக்கட்டணத்தைச் செலுத்துவோருள் தலை நரைத்தவர்கள் பெருகி வருகின்றனர். பொதுவுடைமை, தனியுடைமை, முதுமை ஆகிய இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கொல்லாமையை அறமென ஓதி, புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்தளித்த சோழ மன்னன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பொதுச் சொத்தை யார் பேணுவது, அதற்குரிய செலவை யார் ஏற்பது என்னும் வினா எந்நாட்டவர்க்கும் உரியதன்றோ?

அரசனின் காடு

அமெரிக்கச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. நார்மண்டியிலிருந்து வந்து அந்நாட்டை வென்ற முதலாம் வில்லியம் மன்னர், 1079ஆம் ஆண்டளவில் 'நியூ ஃபாரஸ்ட்' என்னும் பெருநிலப் பரப்பைத் தமது வேட்டைக்கென ஒதுக்கினார். அரசனின் மானைக் கொன்ற குடியானவன் கொடுந்தண்டனைக்கு ஆளானான். 1217ஆம் ஆண்டில் வெளியான காட்டுரிமைப் பட்டயமே, மானைக் கொன்றதற்காக ஒருவனுடைய உயிரையோ உறுப்பையோ பறித்தல் கூடாதென விதித்தது. எனினும், உரிமை ஏழைக்கு வந்து சேரவில்லை. 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலமுடையார் போன்ற செல்வர்க்கே வேட்டையுரிமை உண்டென்று வரையறுத்தது. முயலும் கவுதாரியும் உழவனின் பயிரை மேயலாம். உழவன் அவற்றைத் தொடலாகாது! 1831ஆம் ஆண்டில்தான் இச்செல்வத் தகுதி நீங்கி, சான்றிதழ் பெற்ற எவரும் வேட்டையாடலாம் என்னும் நிலை வந்தது.

வேலியற்ற நிலம்

இக்கொடுமையை நேரில் கண்டவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறினர். ஆதலின், புதிய நாட்டில் பழைய விலங்கைப் பூட்டிக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. 1776ஆம் ஆண்டின் பென்சில்வேனிய அரசியலமைப்பு, தம் சொந்த நிலத்தில் மட்டுமன்றி வேலியிடப்படாத பிறர் நிலங்களிலும் தக்க பருவங்களில் வேட்டையாடும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. 1777ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மாநிலமும் அவ்வாறே செய்தது. ஈண்டு ஒரு சொல்லை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 'வேலியிடப்படாத' என்பதே அச்சொல். வேலி எழும் நாளில் உரிமை குறுகும் என்பதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

பறவையும் விலங்கும் எப்பொழுது ஒருவனுடைய உடைமையாகின்றன என்பதை 1805ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஆராய்ந்தது. போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்தி வந்தார். பியர்சன் என்பவர் இடையில் புகுந்து அதனைக் கொன்று எடுத்துச் சென்றார். துரத்தியவனுக்கன்று, கைப்பற்றியவனுக்கே நரி உரியது எனத் தீர்ப்பாயிற்று. பிடிபடும்வரை காட்டுயிர் எவருக்கும் சொந்தமன்று என்பது இதனால் உறுதியாயிற்று. பின்னர், மக்கள் சார்பில் அரசே காட்டுயிர்களைக் காக்கும் பொறுப்பாளர் என்னும் கொள்கையும் வலுப்பெற்றது. ஆக, நிலத்தின் உரிமையாளர் அதன்மேல் பறக்கும் புறாவின் உரிமையாளர் ஆகார்.

ஒரு பேரினத்தின் முடிவு

பொதுச் சொத்தென்பது காவலற்ற சொத்தாயின் என்னவாகும்? அதற்கு விடை பகர்ந்தது 'பாசஞ்சர் பிஜன்' எனப்பட்ட பயணப் புறா. ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் 300 கோடி முதல் 500 கோடிவரை இப்புறாக்கள் வாழ்ந்தன என்பது அறிஞர் கணிப்பு. 1813ஆம் ஆண்டில் கென்டக்கியில் பயணம் செய்த பறவையியலார் ஆடுபான், கூட்டங்கூட்டமாக அவை பறந்தபோது நண்பகல் வெளிச்சமே மங்கியது என எழுதி வைத்தார்.

இருப்புப்பாதையும் தந்தியும் வந்தன. புறாக்கள் எங்கே கூடு கட்டியுள்ளன என்பதைத் தந்தி அறிவித்தது. கொன்று பீப்பாய்களில் அடைத்தவற்றை இரயில் நகரங்களுக்குச் சுமந்தது. 1878ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கி அருகே கூடு கட்டியிருந்த பெருங்கூட்டம் தொழில்முறை வேட்டைக்காரரால் அழிக்கப்பட்டது. ஓர் ஈட்டிற்கு ஒரே முட்டையிடும் அவ்வினம் இழப்பை ஈடுசெய்ய இயலாது நலிந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் 'மார்த்தா' என்னும் கடைசிப் பறவை மடிந்தது. நூறாண்டுக்குள் கோடிகள் பூச்சியமாயின.

இவ்வழிவு கண்டு நாடு விழித்தது. சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்ட உயிரினங்களை மாநில எல்லை கடந்து விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1916ஆம் ஆண்டில் கனடாவிற்காகப் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையும் அதனை நிறைவேற்றிய 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டமும் பறவைகளைக் கூட்டரசின் காவலில் வைத்தன. 1936ஆம் ஆண்டில் மெக்சிக்கோவோடும் உடன்படிக்கை உண்டாயிற்று.

இரங்கற்புறா

இன்று அந்நாட்டில் மிகுதியாக வேட்டையாடப்படுவது 'மௌர்னிங் டவ்' என்னும் சிறு புறாவாகும். அதன் குரல் இரங்கி அழுவது போன்றிருத்தலின் அப்பெயர் பெற்றது; நாம் இதனை இரங்கற்புறா எனலாம். எடை 120 கிராம் அளவே. ஈட்டிற்கு இரண்டு முட்டைகளே இடினும், வெப்பமான மாநிலங்களில் ஓராண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். பயணப் புறாவுக்குப் பெருங்காடு வேண்டும். இரங்கற்புறாவுக்கோ உழுத வயலும், வேலியோர மரமும், கால்நடைக் குட்டையும் போதும். மாந்தன் காட்டை அழித்தபோது முன்னது அழிந்தது, பின்னது தழைத்தது.

வேட்டைக்குரிய விதிகள் கடுமையானவை. செப்டம்பர் முதல் நாளுக்கு முன் பருவம் தொடங்கலாகாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளலாகாது. ஒருவர் ஒரு நாளில் சுடத்தக்க எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. டெக்சஸ் மாநிலத்தில் அது 15 ஆகும். தானியத்தை வெளியிலிருந்து கொணர்ந்து தூவிப் புறாக்களை வரவழைத்தல் குற்றம். ஆயின், வயலில் விளைந்த சூரியகாந்தியை நின்ற இடத்திலேயே வெட்டிச் சாய்த்தல் குற்றமன்று. கட்டணம் செலுத்தி வந்தவனும் 'எனக்குத் தெரியாது' என எளிதில் தப்ப முடியாது. வயலை ஆராய்ந்து கேட்டறிவது அவன் கடமை.

இவ்வேட்டையை எல்லா அமெரிக்கரும் ஏற்றனர் எனக் கருதலாகாது. விஸ்கான்சின் மாநிலம் 1971ஆம் ஆண்டில் இப்புறாவை அமைதிச் சின்னமாக ஏற்றது. அதே மாநிலம் 2003ஆம் ஆண்டில் அதன் வேட்டைக்கு வழி திறந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டில் சட்டமன்றம் அனுமதித்த வேட்டையை, 2006ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தனர். 1998ஆம் ஆண்டில் ஒஹாயோ மக்களோ, வேட்டையைத் தடை செய்யும் முன்மொழிவைத் தோற்கடித்தனர். பயணப் புறாவின் நினைவு இன்னும் மறையவில்லை என்பதற்கு இவ்வாக்கெடுப்புகளே சான்று.

முட்கம்பியும் வாயிற்கதவும்

புறா வேட்டையில் முன்னிற்கும் மாநிலம் டெக்சஸ். தனிநாடாக இருந்து 1845ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளோடு இணைந்தபோது, அது தன் பொது நிலங்களைக் கூட்டரசிடம் ஒப்படைக்காமல் தானே வைத்துக்கொண்டது. பின்னர்க் கடனைத் தீர்க்கவும், பள்ளிகளுக்கு நிதி திரட்டவும், இருப்புப்பாதை அமைப்போர்க்கு ஊக்கமளிக்கவும் அந்நிலங்களை விற்றும் வழங்கியும் தீர்த்தது. மேற்கு மாநிலங்களில் கூட்டரசின் பரந்த நிலங்கள் வேட்டைக்காரருக்குத் திறந்து கிடக்க, டெக்சஸில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு நிலம் தனியார் கையில் இருப்பதன் காரணம் இதுவே.

1874ஆம் ஆண்டில் இலினாய்ஸ் உழவர் ஜோசப் கிளிட்டன் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் அரிதான புல்வெளியில் வேலியிடுதல் அதன்பின் எளிதாயிற்று. திறந்த மேய்ச்சலை நம்பியிருந்தோர் 1883ஆம் ஆண்டில் இரவோடிரவாக வேலிகளை அறுத்தனர். 1884ஆம் ஆண்டில் வேலியறுத்தல் பெருங்குற்றமாக்கப்பட்டது. பென்சில்வேனிய அரசியலமைப்பு சொன்ன 'வேலியிடப்படாத' நிலம் இங்ஙனம் மறையலாயிற்று.

ஆயினும், வேலிக்குள் ஒரு வாயில் இருந்தது. வாயிலுக்கு அப்பால் ஒரு வீடு இருந்தது. சென்று கதவைத் தட்டிக் கேட்டால் உழவர் இசைவளிப்பார் என்பதே நெடுநாள் வழக்கம். தென் மாநிலங்களில் பருவத்தின் முதல் நாள் ஊர்த் திருநாள் போன்றது. நிலக்கிழார் அண்டை வீட்டாரை அழைப்பார். பகலில் விருந்து நடக்கும். பிற்பகலில் முதியோரும் சிறுவரும் வயலோரத்தில் அமர்வர். நகரங்கள் பெருகி, அறிமுகமற்றோர் பலர் கதவைத் தட்டத் தொடங்கியபின், இசைவு விலைப்பொருளாயிற்று. ஒரு துப்பாக்கிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. ஒரு குழுவினர் பருவம் முழுமைக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது மற்றொரு முறை. முதல் வார இறுதியில் கட்டணம் உயர்ந்தும், பின்னர்த் தாழ்ந்தும் நிற்கும். வேட்டைக்குக் குத்தகை விடும் நில உடைமையாளர் அரசிடம் உரிமம் பெறுதல் வேண்டுமெனச் சட்டமும் ஏற்பட்டது.

இதில் உழவர் விற்பது புறாவையன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. புறாவை விற்க அவருக்கு உரிமையில்லை. அவர் விற்பது, தம் மண்ணில் நிற்கும் இசைவை மட்டுமே.

லியோபோல்ட் கண்ட வழி

இக்கட்டணத்தை வெறும் பேராசை எனத் தள்ளிவிடலாகாது. காட்டுயிர்ப் பேணல் கல்வியின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்ட் (1887–1948) இதனை ஆழ்ந்து எண்ணியவர். அவர் தலைமையிலான குழு 1930ஆம் ஆண்டில் வகுத்த அமெரிக்க வேட்டையுயிர்க் கொள்கை, பொதுச் சொத்தாகிய பறவைக்கு நில உடைமையாளரே நாள்தோறும் காவலர் என்றும், அக்காவலுக்கு அவர் ஈடு பெறுதல் வேண்டும் என்றும் கூறியது. புதரை வெட்டாது விடுவதும், ஒரு மூலை தானியத்தை அறுக்காது நிறுத்துவதும், குட்டையைத் தூர்க்காது வைப்பதும் உழவர்க்கு இழப்பு. அவ்விழப்பை ஈடு செய்வார் இல்லையேல் பறவை எங்ஙனம் வாழும்?

ஆயின், லியோபோல்ட் பணத்தை மட்டும் நம்பவில்லை. 1931ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து ரைலி என்னும் சிற்றூரில் அவரும் உழவர்களும் ஒரு கூட்டுறவை ஏற்படுத்தினர். உழவர் நிலம் தந்தனர். நகரத்தார் பொருள் தந்தனர். இரு சாராரும் கூடி உழைத்துப் பறவைகளைப் பேணி, கூடியே வேட்டையாடினர். ஆங்கே பணம் கைமாறியது உண்மை. ஆனால், உறவு அறுபடவில்லை. இந்நுட்பத்தைப் பிற்காலத்தார் பலர் மறந்தனர்.

வேட்டைக்காரரின் முதுமை

வேட்டைகளுள் புறா வேட்டை தொடக்கப் பள்ளியும் ஆகும். ஓய்வு மண்டபமும் ஆகும். மலையேற வேண்டுவதில்லை, குளிர்நீரில் நிற்க வேண்டுவதில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்தோ சிறு முக்காலியிட்டோ மர நிழலில் அமர்ந்தாற் போதும். ஆதலின், பத்து வயதுச் சிறுவனும் எண்பது வயது முதியவரும் ஒரே வயலில் அருகருகே அமரத்தக்க வேட்டை இதுவே.

எனினும், முதுமை தன் வேலையைச் செய்யாமல் விடுவதில்லை. புறா மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டிப் பறக்கும். நடுவானில் சட்டெனத் திரும்பும். பறவையைக் கண்டு, கணித்து, அதன் முன்னே குறி வைக்கும் விரைவு ஆண்டுதோறும் குறைகின்றது. கண்ணில் புரை படர்கின்றது. பல்லாண்டு வெடியோசை கேட்ட செவி மந்தமாகின்றது. துப்பாக்கியின் பின்னுதைப்பைத் தோள் தாங்குவதில்லை. கனத்த துப்பாக்கியை விடுத்து இலேசான குண்டு பயன்படும் சிறியதை நாடுகின்றனர். விழுந்த பறவை எப்புல்லில் விழுந்தது என்பதை மங்கிய கண் தவறவிட, பழகிய நாயே தேடிக் கொணர்கின்றது. செப்டம்பர் மாதத்து டெக்சஸ் வெயிலோ முதியோர்க்கு உயிர்க்கேடாகவும் முடியும்.

உடல் தளர உள்ளம் மாறுவதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லாகிராஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் ஆகியோர் 1970களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட வேட்டைக்காரரை வினவினர். வேட்டைக்காரன் ஐந்து படிகளைக் கடக்கின்றான் என்றனர். முதலில் சுடுவதே இன்பம். அடுத்து, வரம்பு நிறையச் சுடுவது. பின்னர், சிறந்ததைத் தேர்ந்து சுடுவது. அதன்பின், முறையே முதன்மை. இறுதியில், சுடுதல் சிறுத்து, வயலும் தோழமையும் இளையோர்க்குக் கற்பித்தலுமே மனநிறைவு. எல்லாரும் இறுதிப் படியை எய்துவர் என்பதன்று. ஆயினும், ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இப்படிகள் புதியனவல்ல. கற்றவன் முதிர்ந்து கற்பிப்பவன் ஆவதே எக்கலைக்கும் இயல்பு.

ஈண்டேதான் இடர் தோன்றுகின்றது. கற்பிக்கும் மனம் வாய்த்த அவ்வயதிலேதான் நிலத்தின் வாயில் அடைபடுகின்றது. முதியவரை அறிந்திருந்த உழவர் மறைகின்றார். பிள்ளைகள் நிலத்தைப் பங்கிடுகின்றனர். ஒரு பங்கு வீட்டுமனையாகின்றது. மறுபங்கு கூடுதல் பணம் தரும் குழுவிற்குக் குத்தகையாகின்றது. ஓய்வூதியத்தில் வாழ்பவர் தமக்கொரு கட்டணமும் பேரனுக்கொரு கட்டணமும் செலுத்த இயலாது வீட்டிலேயே தங்கிவிடுகின்றார். அன்று முதியவர் ஒருவர் மட்டும் விலகவில்லை. அவரோடு வர வேண்டிய சிறுவனும் வாராது போகின்றான். அவனுக்குக் கட்டணமும் தெரியாது, வயலும் தெரியாது, தட்ட வேண்டிய கதவும் தெரியாது.

காப்புச் செலவு யாருடையது?

'வேட்டைக்காரர் குறைந்தால் பறவைக்கு நன்றுதானே?' என ஒருவர் வினவலாம். வினா நேரியதே. ஆனால், அந்நாட்டுக் காட்டுயிர்ப் பேணலின் நிதி அமைந்த முறை வியப்புக்குரியது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதிக்கும் 11 விழுக்காட்டு வரி காட்டுயிர்ப் பணிக்கே செல்கின்றது. அத்தொகையின் பெரும்பகுதி மாநிலங்களுக்குப் பகிரப்படுங்கால், பாதி நிலப்பரப்பையும், மறுபாதி பணம் செலுத்தி உரிமம் பெற்ற வேட்டைக்காரர் தொகையையும் பொறுத்தது. வேட்டையாடாதோர் வாங்கும் துப்பாக்கிகளும் இன்று இவ்வரிக்குப் பெரும்பங்கு சேர்க்கின்றன எனினும், உரிமக் கட்டணத்தை வேட்டைக்காரரே செலுத்துகின்றனர். அப்பணத்தால் பேணப்படும் சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும், எவரும் சுடாத சிட்டுகளும் வாழ்கின்றன.

கூட்டரசின் கணக்கெடுப்புப்படி, 1991ஆம் ஆண்டில் ஒரு கோடியே 41 இலட்சமாக இருந்த வேட்டைக்காரர் தொகை, 2016ஆம் ஆண்டில் ஒரு கோடியே 15 இலட்சமாகக் குறைந்தது. நாட்டின் மக்கள்தொகை பெருகிய அதே காலத்தில் இது நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1946 முதல் 1964வரை பிறந்த பெருந்தலைமுறையே வேட்டைக்காரரின் முதுகெலும்பு. அத்தலைமுறை துப்பாக்கியைக் கீழே வைத்து வருகின்றது.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. டெக்சஸில் 65 வயது எய்தியோர்க்கு உரிமக் கட்டணம் 7 டாலர். மற்றவர்க்கு 25 டாலர். அம்மாநில அரசே தனியார் வயல்களைக் குத்தகைக்கு எடுத்து, 48 டாலர் ஆண்டு அனுமதி பெற்றவர்க்குத் திறந்து விடுகின்றது. கான்சஸ் மாநிலம் 1995ஆம் ஆண்டில் இவ்வகைத் திட்டத்தைத் தொடங்கியது: அரசு உழவர்க்கு ஈடு தரும், வேட்டைக்காரர் கட்டணமின்றி நடந்து செல்லலாம். 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இத்தகைய திட்டங்களுக்குக் கூட்டரசின் உதவியையும் சேர்த்தது. உழவர்க்குரிய ஈடும் குறையவில்லை. எளியவர்க்குரிய வாயிலும் அடைபடவில்லை. லியோபோல்ட் கூறியதன் பொருள் இதுவே.

முடிவுரை

அரசன் காட்டிற்கு வேலியிட்டபோது, குடியானவன் தண்டனைக்கு அஞ்சி வெளியே நின்றான். வேலியே இல்லாதபோது, பேரினம் ஒன்று வேரோடு மாண்டது. உழவன் வேலியிட்டுக் கட்டணம் கேட்டபோது, பறவைக்குப் புதர் கிடைத்தது. ஆனால், எளியவர் சிலர் வெளியே நின்றனர். இவற்றுள் எதுவும் முற்றும் நன்றன்று, முற்றும் தீதுமன்று. காவலின்றிப் பொதுவுடைமை நிலைக்காது. வாயிலின்றி வேலி அறமாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

நம் தீபகற்பத்திலும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டுயிரைப் பொதுக் காவலில் வைத்துள்ளன. துப்பாக்கி ஏந்தாத நாமும் அப்பொதுச் சொத்தின் பங்காளிகளே. பங்காளி என்போன் பயனில் மட்டுமன்று, செலவிலும் பங்கு கொள்பவன். முதிய வேட்டைக்காரர் ஒருவர் விலகும்போது அவர் செலுத்திய சிறு தொகையை வேறொருவர் செலுத்த இயலும். அவர் அறிந்திருந்த வயலையும், பருவத்தையும், 'இத்துடன் போதும்' என்று நிறுத்தும் அடக்கத்தையும் எவரும் விலை கொடுத்து வாங்க இயலாது. அவை ஒருவர் அருகே மற்றொருவர் அமர்ந்து கற்க வேண்டியவை. அதற்கு இடமளிக்கும் நிலமும், அழைத்துச் செல்லும் முதியோரும் உள்ள வரையில்தான் வானத்துப் புறா எல்லாருக்கும் பொது என்னும் சொல் பொருளுடையதாகும்.